ஜப்பானிய வகுப்பறையில் இரண்டு ஆங்கில ஆசிரியர்கள்: ஒழுங்கின் வரலாறு

ஜப்பானின் அரசுப் பள்ளிகளில் ஆங்கிலப் பாடவேளைக்கு இரண்டு பேர் சேர்ந்து வருவது இன்று சாதாரணக் காட்சி. ஒருவர் கற்பித்தல் உரிமம் பெற்ற ஜப்பானிய ஆசிரியர். மற்றவர் வெளிநாட்டிலிருந்து ஆண்டு ஒப்பந்தத்தில் வந்திருக்கும் மொழி உதவி ஆசிரியர். இந்த ஏற்பாட்டை நாடு முழுவதற்கும் கொண்டுசென்றது, வெளிநாட்டு இளைஞர்களை வரவழைக்க 1987-இல் அரசு தொடங்கிய ஜெட் திட்டம். வெளிநாட்டவர் பாடம் நடத்தும் வகுப்பில் பிள்ளைகள் அடங்கியிருப்பதும் அடங்காமல் போவதும் பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் உள்ளூர் ஆசிரியரைப் பொறுத்தே அமைகிறது. இது ஜெட் திட்டத்தோடு பிறந்த நிலைமையன்று. அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட முன்கதை உண்டு.

1868-இல் மெய்ஜி ஆட்சி தொடங்கியபின் ஜப்பான் மேலைநாட்டு அறிவை அவசரமாக வரவழைத்துக்கொண்டது. 1871-இல் கல்வி அமைச்சகமும் 1872-இல் நாடு தழுவிய கல்விச் சட்டமும் வந்தன. பொறியியல், மருத்துவம், சட்டம், மொழி எனப் பல துறைகளுக்கு வெளிநாட்டவரை அதிகச் சம்பளத்தில் அமர்த்தினார்கள். அமெரிக்கரான வில்லியம் எலியட் கிரிஃபிஸ் 1871-இல் ஃபுகுயி என்ற உள்நாட்டு நகரத்துக்கு அறிவியல் கற்பிக்கச் சென்றபோது, அவர் முன் அமர்ந்தவர்கள் இடுப்பில் வாளோடு பள்ளிக்கு வந்த சாமுராய்க் குடும்பத்துப் பிள்ளைகள். அவருக்கு ஜப்பானிய மொழி தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் பாடம் நடந்தது. அந்த வகுப்பில் குழப்பம் விளையாததற்குக் காரணம் பிள்ளைகள் வீட்டிலிருந்தே கொண்டுவந்த கட்டுப்பாடும், அவர்களை அனுப்பிவைத்த ஆட்சிப்பகுதித் தலைவரின் அதிகாரமும்தான்.

வெளிநாட்டவர் தம் சொந்தக் குரலில் ஒழுங்கை நிலைநாட்டிய கதையாக ஜப்பானியர் இன்றும் சொல்வது வில்லியம் கிளார்க்கின் கதை. 1876-இல் சப்போரோ வேளாண் கல்லூரியைத் தொடங்கிவைக்க வந்த அவர், நீண்ட விதிப் பட்டியலை ஒதுக்கிவிட்டு, மாணவர்கள் கண்ணியவான்களாக நடந்துகொண்டால் போதும் என்று சொன்னதாகக் கூறப்படுகிறது. 1877 ஏப்ரலில் அவர் ஊர் திரும்பிவிட்டார். ஆனால் கிளார்க்கின் நிலை விதிவிலக்கானது. அவர் கல்லூரியை நடத்திய தலைவர். மாணவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட சிறு கூட்டம், ஆங்கிலம் ஓரளவு அறிந்தவர்கள். சாதாரண நடுநிலைப் பள்ளிக்கு வந்த வெளிநாட்டு ஆசிரியருக்கு இவற்றில் எதுவும் வாய்க்கவில்லை.

அத்தகைய பள்ளியின் நிலையை மிக நன்றாகப் பதிவு செய்தவர் லஃப்காடியோ ஹெர்ன். 1890 ஏப்ரலில் யோகஹாமாவுக்கு வந்த அவர், ஆகஸ்ட் மாத இறுதியில் ஜப்பான் கடலோரத்து மத்சுவே நகரை அடைந்தார். ஷிமானே மாகாணத்தின் நடுநிலைப் பள்ளியிலும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும் ஆங்கிலம் கற்பிக்க மாதம் 100 யென் சம்பளம். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை, ஜப்பானிய மொழி தெரியாது, வகுப்பறை அனுபவமும் குறைவு. இப்படிப்பட்ட ஒருவர் அந்நிய ஊரில் வகுப்பை நடத்திக் காட்டியதற்குப் பின்னால் நிஷிதா செந்தாரோ இருந்தார். அவர் அந்தப் பள்ளியின் துணைத் தலைமையாசிரியர், ஆங்கிலம் கற்பித்தவர், அப்போது முப்பது வயதைக்கூட எட்டாதவர்.

நிஷிதா செய்த வேலையை இன்றைய சொல்லில் கூட்டுக் கற்பித்தல் என்று அழைக்க முடியாது. ஒரே வகுப்பில் இருவரும் பாதிப் பாதி நின்று பேசியவர்கள் அல்லர். பள்ளியின் வழக்கங்களைச் சொல்லிக்கொடுத்து, அதிகாரிகளிடம் அழைத்துச் சென்று, ஐயம் வந்தபோதெல்லாம் பக்கத்தில் நின்றார் நிஷிதா. மாணவர்களைப் பொறுத்தவரை, தாங்கள் மதிக்கும் ஒருவர் இந்த வெளிநாட்டவரை மதிக்கிறார் என்ற செய்தியே போதுமானதாக இருந்தது. வகுப்புக்குள் ஆசிரியர் நுழைந்ததும் வகுப்புத் தலைவன் குரல் கொடுக்க, எல்லோரும் எழுந்து வணங்கி அமரும் முறையை ஹெர்ன் வியப்போடு எழுதியிருக்கிறார். அந்த வணக்கம் அவருடைய ஆளுமையால் விளைந்ததன்று. அவர் வருவதற்கு முன்பே பள்ளி கட்டிவைத்திருந்த வழக்கம் அது. நிஷிதா அதை அவருக்கும் உரியதாக்கினார். 1895-இல் வெளியான தம் நூலொன்றை ஹெர்ன் நிஷிதாவுக்கே காணிக்கையாக்கினார். 1897-இல் நிஷிதா காசநோயால் இறந்தார்.

மத்சுவே அனுபவத்தை ஒட்டி 1894-இல் வெளிவந்த நூலில், ஜப்பானிய ஆசிரியர் மாணவரிடம் அண்ணனைப் போல நடந்துகொள்கிறார், அடிப்பதில்லை, அடித்தால் வேலையே போய்விடும் என்ற கருத்தை ஹெர்ன் எழுதினார். அவர் தம் பள்ளிகளில் கண்டதைச் சற்று அழகுபடுத்தியிருக்கலாம். ஆனாலும் அதற்குச் சட்டப் பின்னணி இருந்தது. 1879-ஆம் ஆண்டின் கல்வி ஆணை பள்ளியில் உடல் தண்டனையைத் தடைசெய்தது. அந்தக் காலத்தில் உலகின் பெரும்பாலான நாடுகளில் பிரம்பு ஆசிரியரின் கருவியாக இருந்தது என்பதை நினைத்தால், இந்தத் தடையின் முன்னோக்கு விளங்கும். பின்னர் அந்த விதி நீக்கப்பட்டு மீண்டும் வந்தது, நடைமுறையில் பல இடங்களில் மீறப்பட்டது. எனினும் ஒழுங்கு அடியால் வர வேண்டியதில்லை, வகுப்பின் கூட்டு வழக்கத்தால் வர வேண்டும் என்ற எண்ணம் ஜப்பானியப் பள்ளியில் வேர்விட்டது. அந்தக் கூட்டு வழக்கத்துக்கு மறுபக்கமும் உண்டு. ஆசிரியர் பிடிக்காவிட்டால் மாணவர்கள் ஒன்றுசேர்ந்து பள்ளிக்கு வராமல் நின்றுவிடும் கிளர்ச்சிகள் மெய்ஜிக் காலத்தில் பரவலாக நடந்தன. வகுப்பு ஒன்றாக வணங்கும். தேவைப்பட்டால் ஒன்றாக எதிர்க்கும். புதிதாக வந்த ஆசிரியரை ஊர் மாணவர்கள் எப்படிப் படுத்துவார்கள் என்பதை, 1895-இல் மத்சுயாமா நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்த நாத்சுமே சோசெகி, 1906-இல் எழுதிய 'போச்சான்' நாவலில் பதிவு செய்தார். அதில் வரும் ஆசிரியர் ஜப்பானியர்தான், கணிதம் கற்பிப்பவர். ஆனால் தலைநகரத்திலிருந்து வந்தவர். வெளியூரார் என்பதே அவரைச் சீண்டப் போதுமான காரணமாகிவிடுகிறது.

மெய்ஜியின் பிற்பகுதியில் இன்னொரு பிரிவினை உறுதியானது. வெளிநாட்டவர் உச்சரிப்பும் உரையாடலும் கற்பித்தார்கள். ஜப்பானிய ஆசிரியர்கள் இலக்கணத்தையும் ஜப்பானிய மொழிக்குப் பெயர்த்து வாசிக்கும் முறையையும் எடுத்துக்கொண்டார்கள். உயர்கல்விக்கான நுழைவுத்தேர்வு இரண்டாவதைத்தான் சோதித்தது. ஆகவே, எந்தப் பாடவேளையில் கவனமாக இருக்க வேண்டும், எதில் சற்றுத் தளர்ந்திருக்கலாம் என்பதை மாணவர்கள் தாமாகவே கணக்கிட்டுக்கொண்டார்கள். வெளிநாட்டவரின் வகுப்பு இளைப்பாறும் வேளையானது. 1922-இல் கல்வி அமைச்சகத்தின் மொழி ஆலோசகராக வந்த ஆங்கிலேயர் ஹெரால்டு பாமர், 1923-இல் ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி, வாய்மொழி முறையைப் பரப்பப் பதினான்கு ஆண்டுகள் உழைத்தார். தேர்வு மாறாததால் அவருடைய உழைப்பு எதிர்பார்த்த அளவு பள்ளிகளுக்குள் இறங்கவில்லை. அவர் 1936-இல் நாடு திரும்பினார். ஒழுங்குப் பிரச்சினைக்கும் தேர்வு முறைக்கும் உள்ள இந்தத் தொடர்பு பின்னாளில் ஜெட் காலத்திலும் அப்படியே நீடித்தது. நாடு தழுவிய பல்கலைக்கழகப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்துக்குக் கேட்டல் பகுதி சேர்க்கப்பட்டது 2006-இல்தான்.

போருக்குப் பின் 1947-இல் வந்த பள்ளிக் கல்விச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, கல்வி நோக்கில் மாணவரைக் கண்டிக்க ஆசிரியருக்கு உரிமை உண்டு, உடல் தண்டனைக்கு உரிமை இல்லை என்று வரையறுத்தது. 1948-இல் அரசின் சட்டத்துறை தந்த விளக்கம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. கட்டாயக் கல்வி பெறும் பிள்ளையைப் பாட நேரத்தில் வகுப்புக்கு வெளியே அனுப்பி நிறுத்துவது அந்தப் பிள்ளையின் கல்வி உரிமையைப் பறிப்பதாகும், அதற்கு அனுமதி இல்லை என்றது. 2007-இல் கல்வி அமைச்சகம் இதைச் சற்றுத் தளர்த்தி, மற்றவர்களின் படிப்பைக் காக்க வேண்டியிருந்தால், மாற்றுப் பாடம் தரும் நிலையில் தற்காலிகமாக வெளியே அனுப்பலாம் என்று சொன்னது. 2013-இல் வந்த அறிவிப்பு, வகுப்புக்குள்ளேயே எழுந்து நிற்கவைப்பது, பள்ளி முடிந்தபின் இருக்கச் சொல்வது, கூடுதல் துப்புரவு வேலை தருவது போன்றவை அனுமதிக்கப்பட்ட கண்டிப்புக்குள் அடங்கும் என்று எடுத்துக்காட்டியது.

குறும்பு செய்யும் மாணவனை வெளியே போகச் சொல்வதும், தலைமையாசிரியர் அறைக்கு அனுப்புவதும் அமெரிக்கப் பள்ளியிலோ பிரிட்டிஷ் பள்ளியிலோ அன்றாட நடைமுறை. அங்கிருந்து வந்த இளைஞர் ஒருவர் ஜப்பானிய வகுப்பில் கதவைக் காட்டினால், பக்கத்தில் நிற்கும் உள்ளூர் ஆசிரியருக்குத் தூக்கிவாரிப் போடும். வெளிநாட்டவர் கண்ணில் அவர் கோழையாகத் தெரிவார். உள்ளூர் ஆசிரியரோ சட்டத்தையும் பெற்றோரையும் தலைமையாசிரியரையும் ஒருசேர நினைத்துக்கொண்டு நிற்கிறார். கூட்டு வகுப்புகளில் எழுந்த மனக்கசப்புகளில் கணிசமானவை, கண்டிப்பின் எல்லை பற்றி இருவரும் முன்கூட்டியே பேசிக்கொள்ளாததால் விளைந்தவை.

வெளிநாட்டு உதவியாளர்களை அரசுப் பள்ளிகளுக்கு அனுப்பும் முயற்சி 1970-களில் சிறிய அளவில் தொடங்கியது. 1977-இல் அமெரிக்கர்களைக் கொண்டு கல்வி அமைச்சகத்தின் ஆங்கிலத் தோழர் திட்டமும், 1978-இல் பிரிட்டிஷ் ஆசிரியர் திட்டமும் வந்தன. அடுத்த சில ஆண்டுகளில் ஜப்பானிய நடுநிலைப் பள்ளிகள் கடுமையான நெருக்கடியைச் சந்தித்தன. 1980-களின் தொடக்கத்தில் ஆசிரியர்களைத் தாக்குவது, கண்ணாடிகளை உடைப்பது, மாணவர்களுக்குள் அடிதடி எனப் பள்ளி வன்முறை நாளிதழ்களை நிறைத்தது. பள்ளிகள் தலைமுடி நீளம் முதல் காலுறை நிறம் வரை விதி வகுத்துப் பதிலடி கொடுத்தன. மாணவர் வழிகாட்டல் பொறுப்பாளர் என்ற பதவி பள்ளிக்குள் பெரும் எடை பெற்றது. ஜெட் திட்டத்தின் முதல் இளைஞர்கள் வந்து சேர்ந்தது இப்படி இறுக்கிக் கட்டப்பட்ட பள்ளிகளுக்குத்தான்.

ஜெட் திட்டத்தின் தோற்றம் வகுப்பறையின் தேவையிலிருந்து எழுந்ததன்று. ஜப்பானின் வணிக உபரி அமெரிக்காவின் கோபத்தைக் கிளறிக்கொண்டிருந்த காலம் அது. 1986-இல் ஜப்பானியப் பிரதமர் நகசோனேயும் அமெரிக்க அதிபர் ரீகனும் சந்தித்தபோது இந்தத் திட்டம் நல்லெண்ணப் பரிசைப் போல முன்வைக்கப்பட்டது. உள்நாட்டு, வெளியுறவு, கல்வி அமைச்சகங்கள் மூன்றும் பங்கேற்றன. முதல் ஆண்டில் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் வந்தனர். 2002-இல் எண்ணிக்கை 6,273 என்ற உச்சத்தைத் தொட்டது. பட்டப்படிப்பு முடித்திருந்தால் போதும். கற்பித்தல் பயிற்சி கட்டாயமில்லை. கல்வி அமைச்சகத்தில் ஆங்கிலப் பாடத்துக்குப் பொறுப்பாயிருந்த வாதா மினோரு, கூட்டுக் கற்பித்தல் எந்தக் கல்வியியல் ஆய்வின் துணையும் இல்லாமல் தொடங்கப்பட்டது என்று 1994-இல் தாம் இணைந்து தொகுத்த நூலிலேயே ஒப்புக்கொண்டார். திட்டத்தை நடத்தியவரே இவ்வளவு நேர்மையாக எழுதியது பாராட்டத்தக்கது. அந்த வெற்றிடத்தை ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு மனிதர்கள் தங்கள் சொந்த அறிவால் நிரப்ப வேண்டியிருந்தது.

தொடக்க ஆண்டுகளில் உதவி ஆசிரியர்கள் பலர் கல்வி வாரிய அலுவலகத்தில் அமர்ந்து, அங்கிருந்து ஊர் ஊராகப் பள்ளிகளுக்குச் சென்றனர். ஒரு பள்ளிக்கு ஆண்டில் ஒருமுறையோ இருமுறையோ மட்டும் போனவர்களும் உண்டு. அன்று அந்தப் பள்ளியில் ஒரே ஆரவாரம். தன் அறிமுகம், ஊர்ப் படங்கள், ஒரு விளையாட்டு, கைகுலுக்கல், மணி அடித்துவிடும். இந்த வருகைகளில் ஒழுங்கு பெரிய பிரச்சினையாகவில்லை; புதுமையே பிள்ளைகளைக் கட்டிப்போட்டது. ஒரே பள்ளியில் வாரம் முழுவதும் இருக்கும் முறை பரவியபோதுதான் உண்மையான சோதனை வந்தது. மூன்றாவது மாதத்தில் வெளிநாட்டவர் புதியவராக இருப்பதில்லை. அவர் மதிப்பெண் போடுவதில்லை, பெற்றோரைச் சந்திப்பதில்லை, பிள்ளைகளின் பெயர்கள்கூட அவருக்கு முழுதாகத் தெரிவதில்லை. இவை எல்லாம் உள்ளூர் ஆசிரியர் கையில் இருக்கின்றன.

சட்டமும் இதையே சொன்னது. உரிமம் இல்லாதவர் தனியாகப் பாடம் நடத்தக் கூடாது. வகுப்பின் பொறுப்பு உரிமம் பெற்ற ஆசிரியருடையது. எனவே கண்டிப்பது உள்ளூர் ஆசிரியரின் வேலை, உதவி ஆசிரியர் அதில் இறங்க வேண்டாம் என்பதே பயிற்சிகளில் பொதுவாகச் சொல்லப்பட்ட அறிவுரை. காகிதத்தில் இது தெளிவான பங்கீடு. வகுப்பறையில் அது இருவரையும் இரண்டு வேடங்களுக்குள் தள்ளியது. வெளிநாட்டவர் சிரிக்கவைப்பவர், விளையாட்டு கொண்டுவருபவர். உள்ளூர் ஆசிரியர் முறைத்துப் பார்ப்பவர், அடக்குபவர். மாணவர்களுக்கு இந்தப் பிரிவு மிக விரைவில் புரிந்துவிடும். வெளிநாட்டவர் பேசும்போது அடங்க வேண்டியதில்லை, அடக்குகிறவர் பேசும்போது அடங்கினால் போதும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள். சில உள்ளூர் ஆசிரியர்கள் எதிர்த்திசையில் போய், வெளிநாட்டவரைப் பாடநூலை உரக்கப் படிக்கும் மனித டேப் ரெக்கார்டராக மட்டும் வைத்துக்கொண்டார்கள். அங்கே வகுப்பு அமைதியாக இருந்தது. அந்த அமைதியில் ஆங்கிலம் பேசப்படவில்லை.

இந்தப் பங்கீடு திட்டத்தின் பலவீனமான இடம் என்றே சொல்ல வேண்டும். ஒழுங்கை ஒருவரிடமும் மகிழ்ச்சியை இன்னொருவரிடமும் கொடுத்துவிட்டால் இரண்டுமே கெடுகின்றன. நன்றாக நடந்த வகுப்புகளில் உள்ளூர் ஆசிரியர் தாமும் விளையாட்டில் கலந்துகொண்டு, தம் ஆங்கிலத்தைக் கூச்சமில்லாமல் பேசி, வெளிநாட்டவர் சொன்ன குறிப்பை உடனே மாணவர்களுக்குப் புரியவைத்து, குறும்பு தொடங்கும் இடத்துக்கு மெல்ல நடந்து போய் நின்றார். அப்படி ஒருவர் மேசையருகே வந்து நிற்பது நூறு அதட்டலுக்குச் சமம். ஆங்கிலம் கற்பிக்கும் ஜப்பானியர் பலருக்குத் தம் பேச்சாங்கிலத்தைப் பற்றித் தயக்கம் இருந்ததால், மாணவர்கள் முன் வெளிநாட்டவரோடு பேசவே அஞ்சினார்கள். அந்த அச்சம் அவர்களைப் பின்வரிசைக்குத் தள்ளியது. உள்ளூர் ஆசிரியர் பின்னால் அமர்ந்து நோட்டுப் புத்தகம் திருத்தத் தொடங்கிவிட்டால், இந்தப் பாடவேளை முக்கியமில்லை என்ற அறிவிப்பைப் பிள்ளைகள் அதிலிருந்து படித்துக்கொண்டார்கள். அவர் தொலைபேசிக்காக அறையை விட்டு வெளியேறினால் நிலைமை இன்னும் மோசம்.

வெளிநாட்டவருக்கு எளிதில் புலப்படாத இன்னொன்றும் இருந்தது. ஜப்பானியப் பள்ளியில் கண்டிப்பு வகுப்பு நேரத்தில் நடப்பது குறைவு. பெரும்பகுதி அதற்குப் பிறகுதான் நடக்கிறது. ஆங்கில வகுப்பில் ஒரு மாணவன் புத்தகத்தை வீசினால், ஆங்கில ஆசிரியர் அந்த நேரத்தில் ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். மாலையில் ஆசிரியர் அறையில் அந்தச் செய்தி மாணவனின் வகுப்பாசிரியரிடம் போகும். அவர் மாணவனைத் தனியே அழைத்துப் பேசுவார், வீட்டுக்குத் தொலைபேசியில் அழைப்பார், தேவைப்பட்டால் நேரிலேயே வீட்டுக்குப் போவார். மாணவர் வழிகாட்டல் பொறுப்பாளர், விளையாட்டுக் குழுவின் ஆசிரியர் என மற்றவர்களும் சேர்வார்கள். இவை எல்லாம் ஜப்பானிய மொழியில், உதவி ஆசிரியர் வீடு திரும்பியபின் நடக்கின்றன. அதனால் எதுவுமே செய்யப்படவில்லை என்று அவர் முடிவுகட்டிவிடுகிறார். நடந்ததை மறுநாள் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடும் உள்ளூர் ஆசிரியர் இருந்தால், அந்தப் பள்ளியில் வெளிநாட்டவர் நிம்மதியாக வேலை செய்தார். மேற்கத்திய இளைஞர்கள் ஜப்பானியப் பள்ளியைப் பற்றிக் கொண்ட தவறான எண்ணங்களில், கண்டிப்பே நடப்பதில்லை என்ற இந்த எண்ணம் முதன்மையானது.

ஒழுங்குக் கேடு என்றால் கூச்சல் என்றே பொதுவாக நினைக்கிறோம். ஜப்பானிய உயர்நிலைப் பள்ளிகளில் வெளிநாட்டு ஆசிரியரை அதிகம் வாட்டியது மௌனமும் தூக்கமும். கேள்வி கேட்டால் பதில் வராது. கேட்கப்பட்டவர் பக்கத்து மாணவரோடு கலந்து பேசுவார். பின்வரிசையில் சிலர் மேசைமீது தலைசாய்த்திருப்பார்கள். வெளிநாட்டவர் இதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டார். தவறாகச் சொல்லி எல்லோர் முன்னிலும் தனித்துத் தெரிந்துவிடக் கூடாது என்ற அச்சம் அதில் பெரும்பங்கு வகித்தது. உள்ளூர் ஆசிரியர் தலையிட்டு நான்கைந்து பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, குழுவாகப் பதில் சொல்லவைத்தபோது அதே வகுப்பு வாய்திறந்தது. தொடக்கப் பள்ளியிலிருந்தே சாப்பாடு பரிமாறுவது, துப்புரவு செய்வது என எல்லாவற்றையும் குழுவாகச் செய்து பழகியவர்கள் அந்தப் பிள்ளைகள். அந்தப் பழக்கத்தைப் பாடத்துக்குள் கொண்டுவரத் தெரிந்தவர் உள்ளூர் ஆசிரியரே.

2000-த்திற்குப் பிறகு செலவைக் குறைக்க விரும்பிய நகராட்சிகள் ஜெட் திட்டத்தை விட்டுத் தனியார் நிறுவனங்கள் வழியாக உதவி ஆசிரியர்களை எடுக்கத் தொடங்கின. பணியைக் குத்தகைக்கு விடும் ஒப்பந்தம் அவற்றுள் ஒரு வகை. தொழிலாளர் சட்டப்படி, அத்தகைய ஒப்பந்தத்தில் வரும் ஊழியருக்குப் பள்ளி ஆசிரியர் நேரடியாக வேலை சொல்லக் கூடாது. நிறுவனம் வழியாகத்தான் சொல்ல வேண்டும். தொழிலாளர் அமைச்சகம் 2009-இல் இதை எடுத்துரைத்தபோது, கூட்டுக் கற்பித்தல் என்ற பெயர் இருந்த பல வகுப்புகளில் இரண்டு ஆசிரியர்களும் பாடத்தின் நடுவே ஒருவரோடொருவர் கலந்துபேசுவதே சிக்கலாகிவிட்டது. மாணவன் ஒருவன் அடங்க மறுக்கும் நொடியில், "நீங்கள் அந்தப் பக்கம் பாருங்கள், நான் இந்தப் பக்கம் பார்க்கிறேன்" என்று சொல்ல முடியாத இருவர் எப்படி ஒரு வகுப்பை நடத்துவது? பணத்தைச் சேமிக்கப் போய் ஏற்பாட்டின் உயிர்நாடியையே இழந்த முடிவு இது.

தொடக்கப் பள்ளிகளில் கதை வேறு வடிவம் எடுத்தது. 2011-இல் ஐந்தாம், ஆறாம் வகுப்புகளுக்கு அயல்மொழிச் செயல்பாடு கட்டாயமானது. 2020-இல் அந்த வகுப்புகளுக்கு ஆங்கிலம் முழுப் பாடமாகவும், மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்குச் செயல்பாடாகவும் ஆனது. இங்கே உடன் நிற்பவர் ஆங்கில ஆசிரியர் அல்லர், நாள் முழுவதும் பிள்ளைகளோடு இருக்கும் வகுப்பாசிரியர். அவருக்கு ஆங்கிலம் குறைவாகவே தெரிந்திருக்கலாம். ஆனால் எந்தப் பிள்ளை காலையில் வீட்டில் அழுதுவிட்டு வந்தது, எந்த இரண்டு பேரைப் பக்கத்தில் உட்காரவைக்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். 1990-களின் பிற்பகுதியில் தொடக்கப் பள்ளிகளில் வகுப்பே குலைந்துபோகும் நிகழ்வுகள் நாடெங்கும் பேசப்பட்டன. அந்தக் கவலை மறையாத காலத்தில் இந்த அறிவு பெரும் துணையாக இருந்தது. பாடத்தை வெளிநாட்டவர் முன்னின்று நடத்தினாலும், வகுப்பாசிரியர் பிள்ளைகளோடு சேர்ந்து பாடி, தாமும் தவறான உச்சரிப்போடு முயன்று பார்க்கும் வகுப்புகளில் ஒழுங்கைப் பற்றித் தனியாக யோசிக்க வேண்டிய தேவையே எழவில்லை.

அண்டைப் பகுதிகள் இரண்டு வேறு வழிகளைக் காட்டுகின்றன. தென் கொரியா 1995-இல் ஏறத்தாழ ஜப்பானைப் போன்ற திட்டத்தைத் தொடங்கியது. அங்கே வெகுகாலம் கொரிய ஆசிரியரின் கையில் பிரம்பு இருந்தது. வெளிநாட்டவர் வகுப்பில் அமைதி நிலவியதற்கு அந்தப் பிரம்பும் ஒரு காரணம். சியோல் கல்வி அலுவலகம் 2010-இல் உடல் தண்டனையைத் தடைசெய்தது. 2011-இல் நாடு தழுவிய கட்டுப்பாடு வந்தது. பிரம்பு போனபின் நற்புள்ளி, குறைபுள்ளி முறைகளைப் பழகிக்கொள்ளக் கொரிய ஆசிரியர்கள் தடுமாறிய காலத்தில், உடன் நின்ற வெளிநாட்டவரின் வகுப்பும் சேர்ந்து தடுமாறியது. ஹாங்காங் 1998-இல் தொடங்கிய திட்டத்தில், உயர்நிலைப் பள்ளிகளுக்குத் தகுதிபெற்ற முழு ஆசிரியர்களையே வெளிநாட்டிலிருந்து எடுத்தது. அவர்கள் பெரும்பாலும் தனியாகவே வகுப்பை நடத்தினர், மதிப்பெண் போட்டனர், பள்ளியின் ஒழுங்குக் குழுவோடு நேரடியாகத் தொடர்பு கொண்டனர். 2002-இல் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தபோதுதான் உள்ளூர் ஆசிரியரோடு இணைந்து கற்பிப்பது அங்கே முதன்மை பெற்றது. முழுத் தகுதியும் முழுப் பொறுப்பும் கொடுத்தால் வெளிநாட்டவரும் தம் வகுப்பைத் தாமே கட்டிக்காக்க முடியும் என்பதற்கு ஹாங்காங் சான்று. ஜப்பான் அந்தப் பொறுப்பைக் கொடுக்கவில்லை. எனவே அங்கே உடன் ஆசிரியரின் எடை ஹாங்காங்கைவிட அதிகம்.

ஜப்பானில் கூட்டுக் கற்பித்தலைச் சீராக்கப் பல கையேடுகளும் பயிற்சிகளும் வந்துள்ளன. அவை எல்லாம் இரண்டு ஆசிரியர்களும் வகுப்புக்கு முன் அமர்ந்து திட்டமிட வேண்டும், கண்டிப்பில் யார் என்ன செய்வது என்று பேசி முடிவெடுக்க வேண்டும் என்றே சொல்கின்றன. அறிவுரை சரியானது, அதற்கான நேரம்தான் பள்ளியில் இல்லை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2018-இல் நடத்திய பன்னாட்டு ஆசிரியர் ஆய்வின்படி, ஜப்பானிய நடுநிலைப் பள்ளி ஆசிரியர் அப்போது வாரத்துக்கு 56 மணி நேரம் வேலை செய்தார். பங்கேற்ற நாடுகளிலேயே அது மிக அதிகம்; அதில் பாடம் நடத்திய நேரம் 18 மணி மட்டுமே. மீதி நேரத்தை விளையாட்டுக் குழுக்களும் அலுவலகக் காகிதங்களும் மாணவர் வழிகாட்டலும் எடுத்துக்கொள்கின்றன. நடைபாதையில் நடந்துகொண்டே இரண்டு நிமிடம் பேசிவிட்டு வகுப்புக்குள் நுழையும் ஆசிரியர்களிடமிருந்து ஒழுங்கான கூட்டு வகுப்பை எதிர்பார்ப்பது நியாயமில்லை. வெளிநாட்டவரின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு முன், இருவரும் அமர்ந்து பேச வாரத்துக்கு ஒரு பாடவேளையைக் கால அட்டவணையில் ஒதுக்குவதே கல்வி வாரியங்கள் முதலில் செய்ய வேண்டிய வேலை.